‘உடனே அழித்துவிடுங்கள்’ என்று சொல்வதற்கு முன்

எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் அடிக்கடி சுற்றி வரும் செய்தி ஒன்று உண்டு. பத்துப் பதினைந்து ஆப்களின் பெயர்களை வரிசையாகப் போட்டு, ‘இவற்றில் ஒன்று உங்கள் போனில் இருந்தாலும் உடனே அழித்துவிடுங்கள், இல்லையென்றால் வங்கிப் பணம் காலி’ என்று முடியும். யார் எழுதியது, எப்போது எழுதியது, எந்தப் போனைப் பற்றி எழுதியது என்று ஒன்றும் இருக்காது. அனுப்புகிறவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனாலும், தெரியாத ஆப் கண்ணில் பட்டால் முதல் வேலையாக அதை அழிக்க வேண்டும் என்கிற இந்த அறிவுரை எனக்கு ஒத்துவரவே இல்லை. அழிக்கக் கூடாததை அது அழிக்க வைக்கிறது. உண்மையிலேயே ஆபத்தான ஒன்று உள்ளே இருக்கும்போதோ, அழிப்பதைவிட அவசரமான வேலைகளை மறக்கடித்துவிடுகிறது. இரண்டையும் சொந்தக்காரர்களின் போன்களிலேயே பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மாமாவின் போன். சிங்கப்பூரின் யீஷூனில் இருக்கிறார், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எதையும் பாதியில் விடமாட்டார். குழுவில் வந்த செய்தியைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செட்டிங்ஸில் ஆப்களின் பட்டியலைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பெயர் புரியாத ஒவ்வொன்றையும் அழித்தார். அழிக்க முடியாததை முடக்கினார். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு, “எதைத் தொட்டாலும் மூடிக்கிது. பேங்க் பக்கம் வெள்ளையா நிக்குது. வைரஸ் உள்ள வந்துடுச்சு போல” என்றார்.

வைரஸ் எதுவும் வரவில்லை. ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’ என்பதை முடக்கியிருந்தார். எத்தனையோ ஆப்கள் தங்களுக்குள்ளேயே ஒரு வலைப்பக்கத்தைக் காட்ட அதைத்தான் நம்பியிருக்கின்றன. 2021 மார்ச்சில் அதற்கு வந்த ஒரு பழுதான அப்டேட்டால் ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் உலகம் முழுக்கத் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கலாம். மாமாவின் போனில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். ‘ஒன் யூஐ ஹோம்’ என்ற பெயரைப் பார்த்து அவர் இன்னும் அதிகமாகப் பயந்திருந்தார். “இதை அழிக்கவே விட மாட்டேங்குது, அப்ப இதுதானே திருடன்?” என்று கேட்டார். அது சாம்சுங் போனின் முகப்புத் திரை. ஆப் படங்களெல்லாம் வரிசையாக நிற்கிற அந்தப் பக்கமே அதுதான். அதை அழிக்க முடியாமல் இருப்பது நல்லதுதான்.

அவர் அழித்தவற்றில் ஸ்கேம்ஷீல்டும் இருந்தது. தேசியக் குற்றத் தடுப்பு மன்றம் 2020இல் கொண்டுவந்த, மோசடிக் குறுஞ்செய்திகளையும் அழைப்புகளையும் தடுக்கிற அதே ஆப். ஏன் மாமா என்று கேட்டேன். “என் மெசேஜைப் படிக்க அனுமதி கேக்குது. வேற எதுக்குக் கேக்கும்?” என்றார். இந்தப் பதிலை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்டால் சந்தேகப்பட வேண்டும் என்பது சரியான எச்சரிக்கைதான், அதை அவர் சரியாகவே பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த ஆப் எங்கிருந்து வந்தது, எந்த வேலைக்காக அந்த அனுமதியைக் கேட்கிறது என்ற அடுத்த கேள்விகளை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெயரைப் பார்த்து என்ன தெரியும்?

ஒன்றும் தெரியாது என்பதுதான் என் அனுபவம். போனுக்குள் சத்தமில்லாமல் வேலை பார்க்கிறவற்றுக்கெல்லாம் ‘கேரியர் சர்வீசஸ்’, ‘டிவைஸ் ஹெல்த் சர்வீசஸ்’ என்று வாயில் நுழையாத பெயர்கள். மோசடிக்காரன் அனுப்புவதற்கோ அழகான, பழகிய பெயர் இருக்கும்: ஏதாவது ஒரு சுத்தம் செய்யும் சேவை, மீன் கடை, டுரியான் சுற்றுலா. சில நேரம் ‘கூகல் பிளே’, ‘செட்டிங்ஸ்’ என்றே பெயர் வைத்துக்கொண்டு அசல் படத்தையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெயரே இல்லாமல், வெற்றுப் படத்தோடு பட்டியலில் ஒரு காலி வரியாகக் கிடப்பதும் உண்டு. முகப்புத் திரையில் தேடினால் அது கிடைக்காது. செட்டிங்ஸுக்குள் இருக்கிற முழுப் பட்டியலைத்தான் நிதானமாக உருட்டிப் பார்க்க வேண்டும்.

வீட்டு வாசலில் அழைப்புமணி அடிக்கிற புது ஆளிடம் பெயரை மட்டும் கேட்டுவிட்டு உள்ளே விடமாட்டோம். யார் அனுப்பினார்கள், என்ன வேலையாக வந்திருக்கிறீர்கள் என்று கேட்போம். ஆப்பிடம் கேட்க வேண்டியதும் அவை இரண்டும்தான்.

எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. செட்டிங்ஸில் அந்த ஆப்பின் தகவல் பக்கத்தைத் திறந்து அடிவரைக்கும் போனால், எந்த ஆப் கடையிலிருந்து இறங்கியது என்று பல ஆண்ட்ராய்டு போன்களில் காட்டும். அதைத் தொட்டால் பிளே ஸ்டோரில் அதே ஆப்பின் பக்கம் திறக்க வேண்டும். திறக்கவில்லை, கடையின் பெயரே இல்லை, கூடவே அது போனோடு வந்ததும் இல்லை என்றால் யாரோ அனுப்பிய ஏபிகே கோப்பாக, அதாவது கடைக்குப் போகாமலே நேராக நிறுவுகிற ஆப் கோப்பாக, உள்ளே வந்திருக்க வாய்ப்பு அதிகம். பிளே ஸ்டோரிலிருந்து வந்துவிட்டாலே சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. சொல்லாமல் கொள்ளாமல் கட்டணச் சேவைகளில் நம்மைச் சேர்த்துவிடும் ‘ஜோக்கர்’ வகை ஆப்கள் 1,700ஐ நீக்கியதாக கூகலே 2020 ஜனவரியில் சொன்னது. ஆனால் சிங்கப்பூரில் வங்கிக் கணக்குகளைத் துடைத்த கதைகளில் பெரும்பாலும் கடைக்கு வெளியிலிருந்து வந்த கோப்புதான் குற்றவாளி.

அடுத்தது, என்ன அனுமதி வாங்கி வைத்திருக்கிறது என்பது. கேமரா, மைக் என்று பலரும் பயப்படுவார்கள். பணம் போகிற விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது குறுஞ்செய்தியைப் படிப்பது, திரையில் வரும் அறிவிப்புகளைப் படிப்பது, மற்ற ஆப்களின் மேலே தன் திரையை விரிப்பது, அப்புறம் அக்செசிபிலிட்டி. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. பார்வை குறைந்தவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டவும், கை நடுங்குகிறவர்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட வசதி அது. அதே காரணத்தால், அந்த அனுமதி கிடைத்த ஆப் திரையில் இருப்பதையெல்லாம் படிக்கும், நாம் தட்டுவதைக் கவனிக்கும், நமக்குப் பதிலாகத் தானே தட்டும். வீடு சுத்தம் செய்ய ஆள் பிடித்துத் தருகிற ஆப்புக்கு அது எதற்கு? 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து கூகல் இங்கேதான் முதலில் ஒரு தடுப்பைச் சோதித்துப் பார்த்தது. உலாவியிலிருந்தோ வாட்ஸ்ஆப் போன்ற இடங்களிலிருந்தோ இறக்குகிற ஆப், குறுஞ்செய்தி, அறிவிப்பு, அக்செசிபிலிட்டி அனுமதிகளைக் கேட்டால், ஆண்ட்ராய்டு போனில் கூகல் வைத்திருக்கும் பாதுகாப்புச் சோதனையான பிளே புரொடெக்ட் அதை நிறுவவே விடாமல் நிறுத்தும்.

அதற்காக, கேட்காமல் வந்ததெல்லாம் திருடன் என்று அர்த்தமில்லை. 2024 கடைசியில் ‘சேஃப்டிகோர்’ என்ற ஒன்று ஆண்ட்ராய்டு போன்களில் படமில்லாமல், அறிவிப்பில்லாமல் வந்து உட்கார்ந்தது. கூகல் அனுப்பியது. செய்திகளில் வரும் ஆபாசப் படங்களை மங்கலாக்கி எச்சரிக்கும் வசதிக்கு உதவுவது. சொல்லாமல் கொண்டுவந்து வைத்ததற்காகப் பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். வேண்டாதவர்கள் நீக்கிவிடலாம். கோவிட் காலத்தில் தொடர்புத் தடமறியப் போட்ட, வேலை முடிந்துபோன டிரேஸ்டுகெதர் இன்னும் போனில் கிடந்தால் அதையும் தாராளமாக எடுத்துவிடலாம். இவற்றுக்கெல்லாம் பதற்றம் தேவையில்லை என்பதுதான் விஷயம்.

அத்தை வீட்டில்

அத்தை, அப்பாவின் அக்கா, அங் மோ கியோவில் தனியாக இருக்கிறார். மகன் மெல்பர்னில். போன தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார்: “என்னமோ தெரியலப்பா, பேங்க் ஆப் திறக்க மாட்டேங்குது. சிவப்பா என்னமோ காட்டுது.” அடுத்த நிமிடமே பதில்கள். ஒருவர் போனை அணைத்துப் போடச் சொன்னார். அத்தை மகன், “அந்த ஆப்பை அழிச்சிட்டு மறுபடியும் போடும்மா, சரியாயிடும்” என்று எழுதினார். பாசத்தோடு சொன்ன பதில்தான். அதைப் படித்தபோது எனக்குக் கை குளிர்ந்துவிட்டது.

சிங்கப்பூரில் வங்கி ஆப் சிவப்பாக எதையாவது காட்டித் திறக்க மறுத்தால், கெட்டுப்போயிருப்பது பெரும்பாலும் வங்கி ஆப் இல்லை. 2023 ஆகஸ்டில் ஓசிபிசி வங்கி, போனில் கடைக்கு வெளியிலிருந்து வந்து ஆபத்தான அனுமதிகளோடு இருக்கும் ஆப் ஏதாவது கண்ணில் பட்டால் தன் ஆப்பைத் திறக்க விடாமல் செய்யும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. என் போனை வங்கி எப்படித் துழாவலாம் என்று அப்போது நிறையப் பேர் சண்டை போட்டார்கள். பிறகு மற்ற வங்கிகளும் அதே வழிக்கு வந்தன. அந்த வருடத்து நிலைமை அப்படி: தீங்கான ஆப்கள் வழியாக நடந்த மோசடிகள் 1,899, போன பணம் குறைந்தது 3 கோடியே 41 லட்சம் வெள்ளி. ஜூன் மாதத்தில் இரண்டு பேரின் மசேநிதி (மத்திய சேமநிதி) ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து மட்டும் 99,800 வெள்ளி போனது. இங்கே எல்லாரும் கேட்டுச் சலித்த செய்திகள்தான். ஆனாலும் அந்தச் சிவப்புத் திரை என்ன சொல்கிறது என்பதை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

அத்தையை அழைத்தேன். “திரையில என்ன எழுதியிருக்கு, அப்படியே எழுத்துக் கூட்டி வாசிங்க அத்தை” என்றேன். அவர் மெதுவாக வாசித்தார். நடுவில் ஓர் ஆப்பின் பெயர் வந்தது, சுத்தம் செய்யும் சேவை ஒன்றின் பெயர். “இதை நீங்க எப்ப போட்டீங்க?” என்றதும் சிறிது நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் தேடியிருக்கிறார். சமூக ஊடகத்தில் ஒரு விளம்பரம். வாட்ஸ்ஆப்பில் பேசினார்கள். முன்பதிவுக்கு 5 வெள்ளி கட்ட வேண்டும், அதற்கு இந்த ஆப் வேண்டும் என்று ஒரு கோப்பை அனுப்பினார்கள். போன் அதை நிறுவ மறுத்திருக்கிறது. அதற்கும் அவர்கள் தயாராக இருந்தார்கள்: எங்கே தொட வேண்டும் என்று சிவப்பு வட்டம் போட்ட படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதல் படம் பிளே புரொடெக்ட்டை அணைப்பது எப்படி என்று. கடைசிப் படம் அக்செசிபிலிட்டியைத் திறப்பது எப்படி என்று.

“நான் போனை வைக்கிறேன் அத்தை. நீங்க உடனே விமானப் படத்தைத் தொடுங்க. வைஃபையையும் தனியா அணைச்சிடுங்க. வேற எதையும் தொடாதீங்க, அழிக்காதீங்க. நான் வந்துக்கிட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு வண்டி பிடித்தேன். விமான நிலைக்குப் போனாலும் சில போன்களில் வைஃபை விழித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் அதைத் தனியாகச் சொன்னேன்.

போய்ச் சேர்ந்தபோது போனைச் சாப்பாட்டு மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். முதலில் போனை நான் தொடவே இல்லை. என் போனிலிருந்து வங்கியின் 24 மணி நேர எண்ணை அழைத்து, அத்தையையே பேச வைத்து, கணக்கை முடக்கினோம். அந்தப் போலிப் பணக்கட்டும் பக்கத்தில் வங்கிக் கடவுச்சொல்லை அவர் தட்டியிருந்தார், அதையும் சொன்னார். பணம் எதுவும் போகவில்லை என்று மறுமுனையில் இருந்தவர் உறுதிசெய்த பிறகுதான் அத்தை தண்ணீர் குடித்தார். வங்கி ஆப் திறக்க மறுத்ததுதான் அவரைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன். மகன் சொன்னபடி அந்த ஆப்பை அழித்துவிட்டு வேறு வழியில் வங்கிக்குள் போக முயன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. அடுத்து 1799. மோசடியா என்று சந்தேகம் வந்தால் எந்த நேரமும் கேட்பதற்கான எண். அடுத்தடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார்கள்.

பிறகு, “உங்க போனைத் திறந்து பார்க்கட்டுமா?” என்று கேட்டேன். வாங்கிப் பார்த்தேன். துடைப்பம் போட்ட ஒரு நீலப் படம். தகவல் பக்கத்தில் கடையின் பெயர் இல்லை. ஒரு தரம், அத்தையும் பார்க்கட்டும் என்று, நீக்கும் பொத்தானைத் தொட்டுக் காட்டினேன். ‘நீக்கவா’ என்று கேட்கும் சின்னப் பெட்டி மேலே வந்தது; நான் விரலை எடுப்பதற்குள் பெட்டி மறைந்து, பக்கமும் மூடி, முகப்புத் திரை வந்து நின்றது. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார். “உள்ள யாராவது இருக்காங்களா?” என்றார்.

யாரும் இல்லை அத்தை, இணையமே அணைந்திருக்கிறது என்று விளக்கினேன். நீக்கும் பக்கம் திறக்கிறதா என்று அந்த ஆப் காத்துக்கொண்டே இருக்கிறது. திறந்ததும் நமக்கு முன்னால் அதுவே பின்செல்லும் பொத்தானை அழுத்திவிடுகிறது. அப்படி அழுத்துகிற உரிமையைத்தான் அந்தக் கடைசிச் சிவப்பு வட்டம் அதற்கு வாங்கிக் கொடுத்திருந்தது. இதையெல்லாம் என் போனில் படம் பிடித்துக்கொண்டேன்: அந்த ஆப்பின் பக்கம், வாட்ஸ்ஆப் உரையாடல், எதிரியின் எண், கோப்பின் பெயர்.

அவசரப்பட்டு அழித்திருந்தால் இவற்றில் பாதி நம் கையில் இருந்திருக்காது. பணத்துக்கான வேலைகளும் பின்னால் போயிருக்கும். ‘நீக்கு’ என்பதையே முப்பது தடவை அழுத்திக்கொண்டு, அது மூடிக்கொண்டே இருக்க, அந்த நேரத்தில் இணையமும் திறந்தே இருந்திருக்கும். இங்கே 2023இல் நடந்த சில சம்பவங்களில் மோசடிக்காரர்களே தூரத்திலிருந்து போனை முழுதாகத் துடைத்துவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர் போனை மறுபடி உயிர்ப்பிக்கப் பாடுபடுகிற நேரத்தில் கணக்கு காலியாகிக்கொண்டிருந்தது. திருடனே அழிக்கிறான் என்றால், அழிப்பதுதான் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

பிடிவாதமான ஆப்பை எடுப்பது

காவல்துறைக்கு இணையத்தில் புகார் கொடுத்துவிட்டுத்தான் ஆப்பை எடுத்தேன். வழி ஒன்றும் ரகசியமில்லை. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அணைக்கும் மெனுவை வரவழைத்து, ‘பவர் ஆஃப்’ என்பதைத் தட்டிவிட்டு விரலை எடுக்காமல் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ‘சேஃப் மோட்’ என்று கேட்கும். அப்படித் திறந்தால் போனோடு வந்த ஆப்கள் மட்டும்தான் ஓடும், நாம் போட்டவை எல்லாம் தூங்கும். பின்செல்லும் பொத்தானை அழுத்த யாரும் விழித்திருக்கவில்லை. அக்செசிபிலிட்டிக்குப் போய் அந்த ஆப்பின் உரிமையை அணைத்தேன். அப்புறம் ‘டிவைஸ் அட்மின்’ பட்டியல், அதாவது போனையே நிர்வகிக்கும் உரிமை பெற்ற ஆப்களின் பட்டியல். பாதுகாப்பு செட்டிங்ஸுக்குள் ஒளிந்திருக்கும், தேடல் பெட்டியில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். அந்தப் பட்டியலில் ஓர் ஆப் இடம்பிடித்துவிட்டால், அங்கிருந்து இறக்காமல் அதை நீக்க முடியாது. பொத்தான் வேலை செய்யாது. அத்தை போனில் அங்கும் ஏறியிருந்தது. இறக்கியதும் ஒரே தட்டில் போய்விட்டது.

அத்தோடு விடவும் இல்லை. ஒரு தடவை அவ்வளவு உரிமையோடு உள்ளே இருந்த ஆப் வேறு எதை இறக்கி வைத்தது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. காவல்துறை சொல்வதும் இதுதான்: வைரஸ் தடுப்பு ஆப்பால் சோதித்து, வேறு கருவியிலிருந்து வங்கி, சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான மின்னடையாளம்), மசேநிதிக் கணக்குகளில் நாம் செய்யாத பரிவர்த்தனை உண்டா என்று பார்த்து, போனைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். பேரக் குழந்தைகளின் படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். டவுன்லோட்ஸ் கோப்புறையை வேண்டுமென்றே எடுக்கவில்லை, அந்த ஏபிகே கோப்பு அங்கேதான் கிடந்தது. படங்களோடு அதையும் அள்ளிக்கொண்டு வந்தால் மறுபடியும் ஒருநாள் விரல் பட்டுவிடும். புதிதாக அமைத்தபோது பழைய நகலிலிருந்து ஆப்களைக் கொண்டுவராமல், தேவையானதை ஒவ்வொன்றாக அத்தையே பிளே ஸ்டோரில் தேடிப் போட்டார். கூடவே, வாட்ஸ்ஆப்புக்கும் குரோமுக்கும் வெளி ஆப்களை நிறுவும் உரிமை அணைந்திருக்கிறதா என்று பார்த்தோம். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8இலிருந்து அந்த உரிமை ஒவ்வோர் ஆப்புக்கும் தனித்தனி. ஒன்றில் அணைத்தால் இன்னொன்றில் அணைந்துவிடாது. மசேநிதியில் ஒரு நாளைக்கு எடுக்கும் வரம்பு, நாமாக மாற்றாதவரை 2,000 வெள்ளிதான் என்று தெரிந்ததும் அத்தைக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அதற்கு மேல், எடுக்கவே முடியாதபடி பூட்டும் வசதியையும் போட்டுக்கொண்டார்.

அன்று இரவு நான் கிளம்பும்போது, “தம்பிகிட்ட சொல்லாதே. இனிமே போனே வேணாம்னு பிடுங்கிடுவான்” என்றார். தன் மகனைத்தான் சொன்னார். எனக்கு அன்று அதிகமாக வலித்தது இந்தப் பேச்சுதான். பணம் போயிருந்தால்கூட அவர் எங்களிடம் சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை. வயதானவர்களுக்கு ஸ்மார்ட்போன் எதற்கு என்று நாம் சாப்பாட்டு மேசையில் சர்வசாதாரணமாகப் பேசுகிறோம். சிங்பாஸ் இல்லாமல், மருத்துவமனை முன்பதிவு இல்லாமல், மகன் முகத்தைத் திரையில் பார்க்காமல் இந்த ஊரில் ஒரு பெரியவர் எப்படி இருப்பார்? திட்டுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை அவர்கள் மறைத்துக்கொண்டேதான் இருப்பார்கள். மோசடிக்காரனுக்கு வேண்டிய நேரம் அந்த மறைப்பில்தான் கிடைக்கிறது. மகனிடம் அத்தையே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் சொன்னார். அவர் திட்டவில்லை.

ஊரிலிருந்து வரும் கோப்புகள்

ஏபிகே என்றாலே தொடாதே என்று சொல்லிவிடுவது சுலபம். நம் ஆட்களின் நிலைமை அதைவிடச் சிக்கலானது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போது புதுக்கோட்டைத் தம்பி ஒருவர், கட்டுமானத்தில் வேலை பார்ப்பவர், தன் போனைக் காட்டினார். கிரிக்கெட் பார்க்க ஒன்று, தொலைக்காட்சிக்கு ஒன்று, வேறு சிலது என எல்லாமே நண்பர்கள் அனுப்பிய கோப்புகள். “இங்க ஸ்டோர்ல தேடினா வர மாட்டேங்குதுண்ணே” என்றார். உண்மைதான். இந்தியாவுக்கு என்று மட்டும் வெளியிடப்பட்ட ஆப்கள் சிங்கப்பூர்க் கணக்கில் தெரிவதில்லை. தேவை உண்மையானது என்பதால் பழக்கமும் வேரூன்றிவிட்டது. அவர் போனில் இரண்டு சிம், இந்திய வங்கியின் ஓடிபியும் அதிலேயே வருகிறது. குறுஞ்செய்தியைப் படிக்கிற ஓர் ஆப் அதில் இருந்தால் இரண்டு நாட்டுக் கணக்குகளும் அதன் கையில்.

அவரிடம் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து அனுமதிகளைப் பார்த்தோம். தொலைக்காட்சி ஆப் ஒன்று குறுஞ்செய்தி அனுமதியும் அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதியும் வைத்திருந்தது. படம் காட்டுகிற ஆப்புக்கு அது வேண்டியதே இல்லை. அதை எடுத்துவிட்டார், எடுத்த கையோடு இரண்டு வங்கிகளிலும் கணக்கைச் சரிபார்த்துக் கடவுச்சொல்லையும் மாற்றச் சொன்னேன். மற்றதை உலாவியில் பார்க்கலாம் என்று காட்டிக் கொடுத்தேன். 2026 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து, பிரேசில் ஆகிய நாடுகளில், அடையாளம் சரிபார்க்கப்பட்ட உருவாக்குநர்களின் ஆப்களை மட்டுமே சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு போன்களில் நிறுவ முடியும் என்று 2025 ஆகஸ்டில் கூகல் அறிவித்தது. கடைக்கு வெளியிலிருந்து வருவதற்கும் அது பொருந்தும் என்றார்கள். அதனால் நல்லது நடக்கும் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அந்தத் தம்பியின் தேவை அதனால் தீராது. அவர் வேறு ஏதாவது வழியைத் தேடுவார், அந்த வழியில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இதெல்லாம் இல்லை என்று நினைக்கிறார்கள். ஏபிகே அங்கே ஓடாது, சரி. ஆனால் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குள் ‘விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்’ என்ற இடத்தில் நீங்கள் போடாத புரொஃபைல் (போனின் அமைப்புகளை வெளியிலிருந்து கட்டுப்படுத்த உதவுவது) ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தரம் பாருங்கள். வேலை இடத்தில் கொடுத்த போன் என்றால் நிறுவனத்தின் புரொஃபைல் இருக்கும், அதை எடுக்க வேண்டாம். சொந்தப் போனில் யாருடையது என்று தெரியாத ஒன்று இருந்தால் விசாரிக்க வேண்டும்.

இன்னும் ஒரு விஷயம் என்னை விட்டபாடில்லை. இணையத்தைத் துண்டியுங்கள், வேறு போனிலிருந்து வங்கியை அழையுங்கள், வேறு கருவியில் கணக்கைப் பாருங்கள் என்று எல்லா அறிவுரையும் சொல்கிறது. தனியாக இருக்கும் ஒருவரிடம் வேறு போன் ஏது? நான் வண்டியில் வந்த அந்த நேரம் முழுக்க அத்தை யாரோடும் பேச முடியாமல்தான் உட்கார்ந்திருந்தார். அதனால் பக்கத்து வீட்டு மலாய் அம்மாவிடம் போய்ப் பேசினோம். அவருக்கும் அதே வயது, அவர் பிள்ளைகளும் வெளியேதான் இருக்கிறார்கள். எந்த நேரமானாலும் கதவைத் தட்டி, ஒருவர் போனில் இன்னொருவர் வங்கியை அழைக்கலாம் என்று முடிவாகிவிட்டது. அவரவர் வங்கியின் எண்ணையும் 1799ஐயும் பெரிய எழுத்தில் எழுதி இரண்டு வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியாயிற்று. சமூக மன்றத்தில் பெரியவர்களுக்குப் போன் சொல்லித் தருகிறவர்களிடம் இருவரும் சேர்ந்தே போகிறார்கள். போன வாரம் அவருடைய போனிலும் அக்செசிபிலிட்டி பட்டியலைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அத்தைதான் சொல்லிக் கொடுத்தாராம்.